பேச்சை எழுத்தாக்கும் ஏஐ கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேர்காணல்களையும் கூட்டப் பேச்சுகளையும் கேட்டு எழுதுவது என் வேலை. பல வருடங்களாக ஹெட்ஃபோனும் விசைப்பலகையும் மட்டும்தான் துணை. இப்போது முதல் வரைவை ஏஐ கருவி எழுதித் தருகிறது. நான் அதை ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்துகிறேன். இது தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. ரெக்கார்டிங்கைப் போட்டா, பேசினது அப்படியே எழுத்தா வந்துடுமா?

எழுத்தாக வரும், 'அப்படியே' வராது. கிடைப்பது ஒரு வரைவு. ஒருவர் மட்டும் மைக்கின் அருகில் நிதானமாகப் பேசியிருந்தால் அந்த வரைவில் கைவைக்க அதிகம் இருக்காது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் கூட்டம், மின்விசிறி இரையும் அறை, பல் விழுந்த பெரியவரின் பேச்சு என்றால் வரிக்கு வரி திருத்த வேண்டியிருக்கும்.

எவ்வளவு திருத்தினால் போதும் என்பது எதற்காக எழுத்தாக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு மணி நேரப் பேச்சில் குறிப்பிட்ட ஒரு விஷயம் எங்கே வருகிறது என்று தேட மட்டும்தான் என்றால் திருத்தாத வரைவே போதும். ஒருவர் சொன்னதாக மேற்கோள் காட்டப்போகிறீர்கள், அச்சில் போடப்போகிறீர்கள் என்றால், ஒரு மனிதர் முழு ஒலியையும் கேட்டு ஒப்பிடாமல் அந்த எழுத்தை வெளியே விடக்கூடாது. இதில் நான் யாருக்கும் விலக்குத் தருவதில்லை.

2. மெஷினுக்கு நாம பேசறது புரியுதா, இல்ல சத்தத்தை வெச்சு ஊகிக்குதா?

ஊகம்தான், ஆனால் மிகத் தேர்ந்த ஊகம். 1952-ல் பெல் ஆய்வகம் செய்த 'ஆட்ரி' என்ற கருவி இலக்கங்களை மட்டும், அதுவும் பழகிய குரலில் சொன்னால், அடையாளம் கண்டது. 1962-ல் ஐபிஎம் காட்சிக்கு வைத்த 'ஷூபாக்ஸ்' 16 சொற்களை அறிந்திருந்தது. இன்றைய கருவிகள் வேலை செய்யும் விதமே வேறு.

ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற ஏஐ மாதிரியை (மாடலை) எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒலியை வினாடிக்கு 16,000 முறை அளந்த எண்களாக மாற்றி, 30 வினாடித் துண்டுகளாக நறுக்குகிறது. எந்தக் கணத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று ஒவ்வொரு துண்டையும் ஒரு படம்போல ஆக்கிக்கொள்கிறது. அந்தப் படத்தையும் தான் அதுவரை எழுதியதையும் வைத்து, அடுத்து வரக்கூடிய எழுத்துத் துண்டு எது என்று ஒவ்வொன்றாகக் கணிக்கிறது.

'தான் அதுவரை எழுதியதையும்' என்பதுதான் முக்கியம். காதில் விழுவது பாதி, இந்த இடத்தில் வழக்கமாக என்ன சொல் வரும் என்ற பழக்கம் பாதி. அதனால் இது தவறும்போது உளறலாகத் தெரியாது. வாக்கியம் சுத்தமாக, நம்பும்படியாகத் தவறும். கீழே வரும் பாதிச் சிக்கல்களுக்குக் காரணம் இதுதான்.

3. எந்த ஆப் நல்லது? ஒண்ணு மட்டும் சொல்லுங்க.

ஒன்றை மட்டும் சொல்ல முடியவில்லை, மன்னியுங்கள். வகை தெரிந்தால் நீங்களே தேர்ந்தெடுத்துவிடலாம். ஃபோன் விசைப்பலகையில் உள்ள மைக், கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சு போன்றவை நீங்கள் நேரடியாகச் சொல்லி எழுத வைப்பதற்கானவை. பதிவைச் சத்தமாக ஓடவிட்டு இன்னொரு ஃபோனை அதன் அருகில் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். ஒலிபெருக்கியில் ஒரு முறை, அறைக் காற்றில் ஒரு முறை என்று ஒலி இரண்டு தடவை கெடுகிறது. கோப்பையே நேராக ஏற்றும் கருவிதான் பதிவுகளுக்கு ஏற்றது.

அதில் இரண்டு வழி உண்டு: இணையத்தில் ஏற்றும் சேவைகள், உங்கள் கணினியிலேயே ஓடும் மாதிரிகள். சேவைகளில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். கூகுளின் கிளவுட் பேச்சுச் சேவையில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நான்கு தமிழ்கள் தனித்தனியாக இருக்கின்றன. பேசியவருக்குப் பொருந்துவதை எடுக்க வேண்டும். கணினியில் ஓடுபவற்றில் விஸ்பர் எல்லோருக்கும் திறந்தது. ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் ஆய்வகமும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான திறந்த மாதிரிகளை வெளியிட்டிருக்கிறது.

தேர்வு செய்ய நான் பின்பற்றும் வழி எளிது. பதிவிலேயே மோசமான ஐந்து நிமிடத்தை வெட்டி, இரண்டு மூன்று கருவிகளில் போட்டுப் பார்ப்பேன். நல்ல இடத்தில் எல்லாக் கருவிகளும் நன்றாகத்தான் எழுதும்.

4. ஃபோன்லயே ரெக்கார்டு பண்ணலாமா? தனியா மைக் வாங்கணுமா?

ஃபோன் போதும். மைக்கின் தரத்தைவிட, பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம்தான் முக்கியம். தூரம் இரட்டிப்பானால் நேராக வந்து சேரும் குரலின் வலு நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. அறையின் எதிரொலியோ குறையாமல் அப்படியே நிற்கிறது. ஒரு முழத்துக்குள் ஃபோன் இருக்கட்டும். மேசைமேல் வெறுமனே வைக்காமல் மடித்த துணிமேல் வையுங்கள், தட்டும் அதிர்வு ஏறாது. விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், நடுவில் அழைப்பு வந்து பதிவை நிறுத்தாது.

தொடங்கும்போது தேதி, இடம், பேசுபவர்களின் பெயர்களை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால் அவர்களையும் ஒரு வரி பேசச் சொல்லுங்கள். பின்னால் எது யார் குரல் என்று குழம்பும்போது அந்த ஒரு வரி கைகொடுக்கும்.

5. பதிவு ஏற்கெனவே இரைச்சலா இருக்கு. சுத்தம் பண்ணிட்டுக் கொடுத்தா நல்லா வருமா?

வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பல நேரம் நேர்மாறாகிறது. இரைச்சல் நீக்கும் மென்பொருள் இரைச்சலோடு சேர்த்து ச, ஸ, ஃப போன்ற மெல்லிய உரசொலிகளையும் சீவி எடுத்துவிடும். நம் காதுக்கு இதமாக இருக்கும், கருவிக்குத் துப்பு குறைந்துபோகும். இன்றைய மாதிரிகள் இரைச்சலோடு கூடிய ஒலியிலேயே பழகியவை. இரண்டு நிமிடத்தைச் சுத்தம் செய்தும் செய்யாமலும் போட்டு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். சத்தம் மிகக் குறைவாக இருந்தால் அதை உயர்த்துவதில் தவறில்லை.

எம்பி3 கோப்பை வேவ் ஆக மாற்றினால் தரம் கூடுமா என்றும் கேட்கிறார்கள். கூடாது; எம்பி3 ஆகச் சுருக்கும்போது போனது போனதுதான். சாதாரணத் தொலைபேசி அழைப்பின் பதிவும் இப்படித்தான். ஒலியை வினாடிக்கு 8,000 முறைதான் அளக்கிறது என்பதால், அதில் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் எதுவுமே இல்லை. பிழை கூடுதலாக வரும் என்று எதிர்பார்த்து நேரம் ஒதுக்குங்கள்.

6. அப்பா முழுக்கத் தமிழ்லதான் பேசியிருக்கார். ஆனா ரிசல்ட் இங்கிலீஷ்ல வருது. ஏன்?

இரண்டு காரணம் இருக்கலாம். மொழியைத் தானே கண்டுபிடிக்கும்படி விட்டிருந்தால், விஸ்பர் முதல் 30 வினாடியை வைத்து முடிவு செய்கிறது. அந்த அரை நிமிடத்தில் 'ஹலோ, டெஸ்டிங், ஓகே' என்று மட்டும் இருந்தால் ஆங்கிலம் என்று எடுத்துக்கொள்ளும். மொழியை நீங்களே தமிழ் என்று குறித்துவிடுங்கள். அல்லது தவறுதலாக 'மொழிபெயர்' என்ற பணியைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். விஸ்பரில் அது எந்த மொழியையும் ஆங்கிலத்துக்கு மட்டுமே மாற்றும்.

7. "வந்துட்டு இருந்தாங்க"ன்னு சொன்னதை "வந்துகொண்டிருந்தார்கள்"னு எழுதுது. அடுத்த வரியில பேச்சுத் தமிழ். ஏன் இப்படி மாத்தி மாத்தி எழுதுது?

தமிழில் இந்தக் கருவிகளுக்கு உள்ள பெரிய இடர் இதுதான். நாம் ஒரு மொழியைப் பேசுகிறோம், இன்னொன்றை எழுதுகிறோம். மாதிரி கற்றுக்கொள்வது ஒலியும் அதற்குரிய எழுத்தும் சேர்ந்த இணைகளிலிருந்து. அந்த இணைகளில் கணிசமானவை வாசிக்கப்பட்ட தமிழ்: செய்தி அறிக்கை, எழுதிவைத்துப் படித்த வாக்கியங்கள். ஏஐ4பாரத்தின் 'ஷ்ருதிலிபி' தரவுத்தொகுப்பு அகில இந்திய வானொலிச் செய்திகளிலிருந்து திரட்டியது. இயல்பான பேச்சுக்கு வசன வரி (சப்டைட்டில்) போட்டவர்களில் ஒருவர் கேட்டபடி எழுதியிருப்பார், இன்னொருவர் எழுத்துத் தமிழாக்கியிருப்பார். இரண்டையும் பார்த்த கருவி இரண்டையும் கலந்து எழுதுகிறது.

அளவும் ஒரு காரணம். விஸ்பரின் முதல் வெளியீட்டுக்குப் பயன்பட்ட 6,80,000 மணி நேர ஒலியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். மற்ற 96 மொழிகளுக்கும் சேர்த்து, பேசிய மொழியிலேயே எழுதப்பட்டது 1,17,000 மணி நேரம். அதில் நம் பங்கு எவ்வளவு இருந்துவிடப்போகிறது, அதிலும் வட்டார வழக்குகளுக்கு?

என்ன செய்யலாம்? முதலில் நீங்கள் முடிவெடுங்கள்: இறுதிப் படி பேச்சு நடையிலா, எழுத்து நடையிலா? முடிவெடுத்தபின் முழுக்க ஒன்றாகத் திருத்துங்கள். வாய்மொழி வரலாறு, நேர்காணல் என்றால் நான் பேச்சு நடையையே காப்பாற்றுவேன். "அவுக சொன்னாக" என்று சொன்னவரை "அவர்கள் சொன்னார்கள்" என்று எழுதினால் அவர் எந்த ஊர்க்காரர், யாரை மதிப்போடு சொல்கிறார் என்பதெல்லாம் அந்த வரியிலிருந்து போய்விடுகிறது.

8. நாங்க பேசறதுல பாதி இங்கிலீஷ். அதை எப்படி எழுதும்?

கருவிக்குக் கருவி மாறும். ஒன்று 'மீட்டிங்' என்று தமிழ் எழுத்தில் தரும், ஒன்று ஆங்கில எழுத்தில் தரும், ஒன்று 'கூட்டம்' என்று மொழிபெயர்த்தே விடும். மூன்றாவதுதான் ஆபத்து, ஏனென்றால் பேசியவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைக்கிறது. எல்லாக் கலப்புச் சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே மூச்சில் தேடி மாற்றிவிடுங்கள்.

9. ல, ள, ழ எல்லாம் குழப்புது. ஊர்ப் பேரு, ஆளுங்க பேரெல்லாம் தப்பாவே வருது. என்ன பண்றது?

பொதுச் சொற்களில் நீங்கள் நினைப்பதைவிட இது நன்றாகவே எழுதும். பேசுபவர் ழகரத்தை ளகரமாக உச்சரித்தாலும், பக்கத்துச் சொற்களைப் பார்த்து 'வாழை' என்று சரியாக எழுதிவிடுகிறது. பழக்கம் பாதி என்று இரண்டாம் பதிலில் சொன்னேனே, இங்கே அது நமக்கு உதவியாகிறது. பெயர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதனால் தெரியாத பெயரைத் தெரிந்த சொல்லாக வளைத்துவிடும்.

பல கருவிகளில் முன்கூட்டியே ஒரு சொற்பட்டியல் அல்லது குறிப்பு தரும் வசதி உண்டு. பதிவில் வரும் ஆட்கள், ஊர்கள், துறைச் சொற்களை அதில் கொடுங்கள். விஸ்பரில் இந்தக் குறிப்புக்கு 224 டோக்கன்தான் (இரண்டாம் பதிலில் சொன்ன எழுத்துத் துண்டு) இடம். தமிழ்ச் சொற்கள் சிறு சிறு துண்டுகளாக உடைக்கப்படுவதால் ஆங்கிலத்தைவிடக் குறைவான சொற்களே அடங்கும். அடிக்கடி வருபவற்றை மட்டும் போடுங்கள். பேசியவரிடம் கேட்க வாய்ப்பிருந்தால், பெயர்களை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். இதற்கு இணையான வழி வேறு இல்லை.

10. யாருமே பேசாத இடத்துல ஏதோ ஒரு வாக்கியம் எழுதியிருக்கு! இது எங்கேர்ந்து வந்துச்சு?

அதுவாகக் கற்பனை செய்து எழுதியது. என் பதிவு ஒன்றில், பேசிக்கொண்டிருந்தவர் இறந்துபோன தன் தம்பியைப் பற்றிச் சொல்ல வந்து, குரல் அடைத்து, நாற்பது வினாடி எதுவும் சொல்லாமல் இருந்தார். ஒலியில் மூச்சும் நாற்காலி நகரும் சத்தமும்தான். வரைவில் அந்த இடத்தில் "பார்த்ததற்கு நன்றி, மீண்டும் சந்திப்போம்" என்று இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. வரைவை மட்டும் படித்துவிட்டு அனுப்பியிருந்தால் அவர் வீட்டார் கண்ணில் அது பட்டிருக்கும்.

காரணம் எளிது. இணையத்துக் காணொளிகளிலும் அவற்றின் வசன வரிகளிலும் பழகிய மாதிரி, பேச்சு ஓய்ந்த இடத்தில் என்ன எழுத்து வரும் என்று எதைக் கண்டதோ அதையே எழுதுகிறது. விஸ்பரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2024-ல் வெளிவந்தது. மூளைப் பாதிப்பால் பேச்சுத் தடுமாறும் அஃபேசியா என்ற நோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் இரு தரப்பின் பதிவுகளையும் சோதித்ததில், சுமார் 1 சதவீதப் பதிவுத் துண்டுகளில் ஒலியில் இல்லவே இல்லாத சொற்றொடர்களும் வாக்கியங்களும் இருந்தன. நீண்ட இடைவெளி விட்டுப் பேசுபவர்களுக்கு இது கூடுதலாக நேர்ந்தது. தயங்கித் தயங்கிப் பேசும் முதியவர்கள், திக்குவாய் உள்ளவர்கள், துயரத்தில் பேசுபவர்கள் பதிவுகளில் நாம் இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

பேச்சு இல்லாத பகுதியைக் கண்டறிந்து முன்கூட்டியே ஒதுக்கும் வடிகட்டி சில கருவிகளில் உண்டு, விஏடி என்பார்கள். அதை இயக்கிவைத்தால் பெருமளவு குறையும். முழுக்க நிற்காது.

11. ஒரே வரி இருபது தடவை வருது.

கேள்வி 10-ன் உடன்பிறப்பு இது. தான் எழுதிய முந்தைய வரியையே துப்பாகக் கொண்டு அடுத்ததை எழுதுவதால் செக்குமாடுபோலச் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. முந்தைய எழுத்தைச் சார்ந்திருக்கும் அமைப்பை அணைத்துவிட்டு அந்தப் பகுதியை மட்டும் வெட்டி மறுபடி ஓட்டுங்கள். திரும்ப வந்த வரிகளை வெறுமனே அழித்துவிட்டு நகராதீர்கள்; அவற்றுக்கு அடியில் உண்மையான பேச்சு விடுபட்டிருக்கும்.

12. யார் பேசினதுன்னு பிரிச்சுக் காட்டுமா?

விஸ்பர் தனியாக அதைச் செய்யாது. குரல் பிரிக்கும் வேலைக்குப் பையனோட் போன்ற தனிக் கருவிகள் உண்டு. பல சேவைகள் இரண்டையும் இணைத்தே தருகின்றன. 'பேசுபவர் 1', 'பேசுபவர் 2' என்றுதான் வரும், பெயரை நீங்கள் போட வேண்டும். ஒருவர் பேசும்போதே மற்றவர் "ஆமா", "ம்" என்று இடையில் சொல்வது பெரும்பாலும் தவறான ஆளுக்குப் போய்விடும். அக்கா தங்கை போலக் குரல் ஒத்தவர்கள் பேசும் பதிவில் இந்தப் பிரிப்பை நம்பவே நம்பாதீர்கள்.

13. "95 சதவீதம் துல்லியம்"னு போட்டிருக்காங்க. அப்புறம் எதுக்கு முழுசும் சரிபார்க்கணும்?

ஒரு மணி நேரப் பேச்சில் 6,000 சொற்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீதம் பிழை என்றால் 300 சொற்கள். அவை எந்த 300 என்று யாரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

அந்த எண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் தெளிவாகும். மாறிய சொற்கள், விடுபட்ட சொற்கள், புதிதாக நுழைந்த சொற்கள் மூன்றையும் கூட்டி, உண்மையில் பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சொற்பிழை வீதம். ஒருவர் "அவங்க அன்னைக்கு வரவே இல்லை" என்கிறார், நான்கு சொற்கள். கருவி "அவங்க அன்னைக்கு வரவேயில்லை" என்று எழுதுகிறது. ஒரு சொல் மாறியது, ஒன்று விடுபட்டது என்று கணக்காகி 50 சதவீதம் பிழை. பொருளில் மயிரிழைகூட மாற்றமில்லை. இன்னொருவர் "நான் அன்னைக்குக் கையெழுத்துப் போடல" என்கிறார். கருவி கடைசி எழுத்தை விட்டு "போட" என்று எழுதுகிறது. 25 சதவீதம்தான் பிழை. ஆனால் அவர் மறுத்த செய்தியே காணாமல் போய்விட்டது. சொற்களைச் சேர்த்து எழுதும் நம் மொழியில் இந்த அளவுகோல் சிறு பிழையைப் பெரிதாகவும் பெரும் பிழையைச் சிறிதாகவும் காட்டும். எழுத்தளவில் கணக்கிடும் பிழை வீதம் ஓரளவு பரவாயில்லை.

மாதிரிகளை ஒப்பிடும் அட்டவணைகளைப் படிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஒப்பிடுவதற்குமுன் நிறுத்தற்குறிகளை நீக்க, விஸ்பரோடு வரும் பொதுவான சீராக்கி நிரலைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது தமிழின் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும்கூடக் குறிகள் என்று கருதி நீக்கிவிடும். 'கோவில்' என்பது 'க வ ல' ஆகிவிடுகிறது. அதன்பின் வரும் எண் தமிழைப் பற்றி எதையும் சொல்லாது.

14. சரி, எப்படித்தான் சரிபார்க்கணும்? எவ்வளவு நேரம் ஆகும்?

படித்துக்கொண்டே கேட்காதீர்கள், கேட்டுவிட்டுப் படியுங்கள். வேறுபாடு உண்டு. கண் முந்திக்கொண்டு ஓடினால் காதும் அதையே கேட்டதாக நம்பிவிடும். நான் ஒரு வாக்கியம் கேட்பேன், நிறுத்துவேன், பிறகுதான் திரையைப் பார்ப்பேன். சற்று வேகம் குறைத்து ஓடவிடுவது நல்லது. வெறும் கையால் எழுதிய காலத்தில் ஒரு மணி நேரப் பதிவுக்கு எனக்கு ஐந்து மணி நேரம் ஆகும். இப்போது நல்ல ஒலிக்கு இரண்டு மணி நேரம், மோசமான ஒலிக்கு மூன்றரை. ஒலி மிக மோசம் என்றால் வரைவைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே எழுதுவதுதான் வேகம்.

தமிழில் தனியாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்க்க வேண்டியது எதிர்மறைச் சொற்களை. "தெரியல", "போகல", "சொல்லல": மறுப்பு முழுவதும் வாக்கியத்தின் கடைசி அசையில் இருக்கிறது. மூச்சு இறங்கிக் குரல் தேயும் இடமும் அதுவே. கருவி அந்த அசையைக் கோட்டைவிட்டால் இல்லை என்பது ஆமாம் ஆகிவிடும். அடுத்தது எண்கள்: எழுபதும் எண்பதும், இருபதும் இருநூறும். கேட்டும் உறுதியாகத் தெரியாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் [தெளிவில்லை 12:40] என்று நேரத்தோடு குறித்துவிடுங்கள்.

15. வந்த எழுத்தை இன்னொரு ஏஐகிட்ட கொடுத்து பிழை திருத்தச் சொன்னா வேலை மிச்சமாகுமே?

நிறுத்தற்குறி போட, பத்தி பிரிக்க, சந்திப் பிழை பார்க்கக் கொடுக்கலாம். கேட்டதைச் சரிசெய்யக் கொடுக்கக்கூடாது, ஏனென்றால் அது ஒலியைக் கேட்கவில்லை. கேள்வி 13-ல் சொன்ன "கையெழுத்துப் போடல" என் மேசைக்கு வந்த பதிவுதான். முதல் கருவி "போட" என்று எழுதியது. வாக்கியம் முடியாமல் தொங்கியது. பார்த்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். ஆனால் அதை அனுப்பியவர் நல்லெண்ணத்தோடு உரைத் திருத்தக் கருவி ஒன்றில் போட்டிருந்தார். அது வாக்கியத்தை அழகாக முடித்து "போட்டேன்" என்று வைத்துவிட்டது. சந்தேகப்பட ஒரு தடயமும் மிஞ்சவில்லை. ஒலியைக் கேட்டதால்தான் பிடிபட்டது.

அப்படிக் கொடுப்பதானால், "சொற்களை மாற்றாதே, சேர்க்காதே, நீக்காதே" என்று தெளிவாகச் சொல்லுங்கள். திரும்பி வந்ததை முந்தைய படியோடு, வேறுபாடு காட்டும் மென்பொருளில் வைத்துப் பாருங்கள். ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்தி முடித்த பிறகே கொடுங்கள்; முன்னால் கொடுத்தால் பிழைகள் எல்லாம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும்.

16. "வந்து", "அதாவது", "ம்" எல்லாத்தையும் எழுதணுமா?

கருவிகள் பெரும்பாலும் இவற்றைத் தாங்களாகவே விட்டுவிடும். கட்டுரைக்கு அது வசதி. மொழி ஆய்வுக்கோ விசாரணைக்கோ என்றால் ஒவ்வொன்றையும் கேட்டுச் சேர்க்க வேண்டும், "ஆமா" என்பதும் "ம்... ஆமா" என்பதும் ஒரே பதில் அல்ல. எந்த முறையைப் பின்பற்றினீர்கள் என்று படியின் தொடக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

17. ஏத்தின ரெக்கார்டிங் வேற யார்கிட்டயாவது போயிடுமா?

இணையச் சேவையில் ஏற்றினால் உங்கள் ஒலி அவர்களுடைய கணினிக்குப் போகிறது. எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள், தங்கள் மாதிரியைப் பழக்கப் பயன்படுத்துவார்களா, அதை மறுக்கும் வசதி உண்டா என்ற மூன்றையும் அவர்களுடைய விதிமுறைகளில் தேடிப் படியுங்கள். மருத்துவம், வழக்கு, குடும்பத் தகராறு, குழந்தைகளின் குரல் என்றால் நான் இணையத்தில் ஏற்றுவதே இல்லை. என் கணினியிலேயே ஓட்டுகிறேன்.

பதிவு செய்ய அனுமதி தந்தவர், அதை ஏஐ கருவியில் போடவும் அனுமதி தந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாகக் கேளுங்கள். "உங்க குரலை ஒரு மெஷின் கேட்டு எழுதும், அப்புறம் நான் சரிபார்ப்பேன்" என்று சொன்னால் யாருக்கும் புரியும். வேண்டாம் என்றவர்களும் உண்டு. அவர்கள் பேச்சைப் பழையபடி கையால் எழுதினேன்.

18. என் கம்ப்யூட்டர்ல இதெல்லாம் ஓடுமா?

விஸ்பர் பல அளவுகளில் கிடைக்கிறது. டைனி 3.9 கோடி அளபுருக்கள் (மாதிரி கற்றதைச் சேமித்துவைக்கும் எண்கள்), ஸ்மால் 24.4 கோடி, மீடியம் 76.9 கோடி, லார்ஜ் 155 கோடி. லார்ஜுக்குச் சுமார் 10 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகம் வேண்டும். 2024-ல் வந்த டர்போவுக்கு 6 ஜிபி போதும், வேகமும் அதிகம். கிராஃபிக்ஸ் அட்டையே இல்லாத மடிக்கணினியில், சாதாரணச் செயலியிலேயே விஸ்பரை ஓட்டும் விஸ்பர் சிபிபி என்ற நிரல் வழியாக ஓட்டலாம். மெதுவாகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் தயாராக இருக்கும். தமிழுக்கு டைனியும் அதற்கு அடுத்த சிறிய அளவான பேஸும் வேண்டாம். அவை தருவதைத் திருத்துவதைவிட எழுதுவது மேல்.

19. வீடியோவுக்கு சப்டைட்டில் போட இதுவே போதுமா?

எஸ்ஆர்டி கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். வரிசை எண், தொடங்கி முடியும் நேரம், எழுத்து என்ற மூன்றும் அதில் இருக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் கருவி தரும் வரி பெரும்பாலும் திரைக்கு அதிகம். இரண்டாக உடையுங்கள், ஆனால் வினைச்சொல்லைத் தனியே அடுத்த திரைக்குத் தள்ளாதீர்கள். தமிழில் அது வரும்வரை வாக்கியம் புரியாது.

20. எழுத்துல "கொடுத்தார்"னு கண்ணுக்குத் தெரியுது. தேடினா கிடைக்கலைங்குது. பைத்தியம் பிடிக்குது!

யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் இரண்டு குறியீடுகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சில தேடல் நிரல்கள் இவற்றை ஒன்றாகக் கருதுவதில்லை. இப்படிப் பிரிந்தவற்றை ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி என்ற முறையில் உரையை ஒருமுறை சீராக்கிவிட்டால் தீர்ந்தது. பல கருவிகளின் வெளியீட்டைக் கலந்து வைத்திருப்பவர்கள் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

21. எழுத்துதான் வந்துடுச்சே, ஆடியோவை அழிச்சிடலாமா? இடம் அடைக்குது.

பேசியவர் அழிக்கச் சொல்லியிருந்தால் அழித்துத்தான் ஆக வேண்டும். மற்றபடி வேண்டாம். கருவிகள் வருடா வருடம் மேம்படுகின்றன. நான்கு வருடம் முன்பு [தெளிவில்லை] என்று நான் விட்ட சில இடங்களை அண்மையில் மறுபடி ஓட்டியபோது துப்புக் கிடைத்தது. ஒலி இல்லையென்றால் திருத்த எதுவும் இல்லை. மூலக் கோப்பைத் தொடாமல் இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். எழுத்துப் படியின் தலைப்பில் ஒலிக் கோப்பின் பெயர், எந்தக் கருவி, எந்தத் தேதி, ஒலியோடு ஒப்பிட்டவர் யார் என்று எழுதுங்கள்.

கேள்வி 10-ல் சொன்ன பதிவை இன்னும் வைத்திருக்கிறேன். அந்த நாற்பது வினாடிக்கு நேராக என் படியில் [31:05 முதல் 31:45 வரை பேச்சில்லை] என்று மட்டும் இருக்கிறது. அங்கே என்ன நடந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் ஒலியில் அந்த இடத்துக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.